றிசீட் இல்லாத பல்

2007 பெப்ரவரி 6, செவ்வாய்

சம்பளத் துண்டு வந்தது. பல்லுக்கென்று ஒதுக்கிய காசு எண்ணூற்று நாற்பது டொலர் ஆகிவிட்டது.

வரி வெட்டுமுன் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால், வைத்தியச் செலவின் றிசீட்டைக் காட்டி முழுதாக எடுக்கலாம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இப்படி ஒரு சலுகை இருப்பதே மார்கரெட் சொல்லித்தான் தெரியும். சம்பளப் பகுதியில் இருக்கும் மலேசியாக்காரி. இன்றும் நினைவூட்டினாள். "மார்ச் கடைசிக்குள்ள ரிசீட் கொடுத்துடுங்க அக்கா. இல்லன்னா வரியை வெட்டிட்டு சம்பளத்தோட போயிடும்."

சம்பளத்தோடு போனால் கூட்டுக் கணக்குக்குப் போகும். அங்கே போன காசு என் கணவர் சொல்கிற செலவுக்குத்தான்: வீட்டுக் கடன், காருக்கு டயர். எனக்கு முன்பல் உடைந்து மூன்று வருடம். யாராவது பகிடி விட்டால், சிரிக்குமுன் கை வாய்க்குப் போகிறது.

பெப்ரவரி 18, ஞாயிறு

குவேக்கர்ஸ் ஹில்லில் பல் டொக்டர் வாசுதேவனிடம் போனோம். என் கணவருடைய சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்களை மட்டும் பார்ப்பார். பாதிக் காசு, கையில்.

என் பல்லின் வேரைத் துப்புரவாக்கித் தற்காலிகமாக அடைத்தார். மேலே கிரவுன் என்கிற மூடி போட இன்னொரு நாள் வரவேண்டுமாம். இவருக்கும் ஒரு கடைவாய்ப் பல்லை அடைத்தார். இவர் ஐந்நூறு டொலரை எண்ணிக் கொடுத்தார்.

நான் றிசீட் கேட்டேன்.

டொக்டர் சிரித்தார். "என்ன யோகா, எங்களுக்குள்ள றிசீட்டோ?"

காரில் ஏறியதும் இவர் தொடங்கினார். "என்ர மானத்தை வாங்கிப்போட்டாய். அந்தாள் எனக்காகப் பாதிக் காசுக்குச் செய்யுது. நீ கடைக்காரனிட்டக் கேக்கிற மாதிரிக் கேக்கிறாய்."

உங்களுக்காகவா? வரிக்காரனுக்குத் தெரியாமல் இருக்க அல்லவா பாதிக் காசு! — சொல்லவில்லை. வாய் விறைத்திருந்தது.

பெப்ரவரி 19

விறைப்புப் போய்விட்டது. கோபம் போகவில்லை.

மார்ச் 4, ஞாயிறு

கிரவுனுக்கு நாள் கேட்டு வாசுதேவனுக்கு போன் எடுத்தேன். "இப்ப சரியான பிஸி. ஏப்ரலில பாப்பம். றிசீட்தான் வேணுமெண்டால் வெளியில செய்யுங்கோவன்."

எவ்வளவு மரியாதையாகக் கதவைச் சாத்துகிறார்!

இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "உனக்கு வெக்கமில்லையோ" என்றார்.

மனதுக்குள்தான் கத்தினேன்: ஆருக்கு வெக்கம்? என்ர பல். கிழவிகளைக் குளிப்பாட்டி, படுக்கைத் துணி மாத்தி நான் உழைச்ச காசு. பத்தொன்பது வருசத்தில எனக்கெண்டு ஒதுக்கின முதல் காசு. அதைக் கேட்டால் உங்கட மானம் போகுது. நான் வாயைப் பொத்திக்கொண்டு திரிஞ்சால் போகாதோ?

குசினியில் ஒரு கோப்பையை உடைத்தேன். தவறி விழுந்தது என்று இவரிடம் சொன்னேன். இந்த டயரியில் ஏன் பொய்.

மார்ச் 13, செவ்வாய்

றிசீட்டுக்குப் பதிலாக நானே ஒரு கடிதம் எழுதித் தரவா என்று மார்கரெட்டிடம் கேட்டேன். "தேதி, உங்க பேரு, டாக்டர் பதிவு நம்பர் எல்லாம் இருக்கணும்க்கா. நான் என்ன பண்றது?" அவளோடும் எரிந்து விழுந்தேன். பாவம் அவள்.

வேலை முடிந்து வரும்போது செவன் ஹில்ஸ் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு பல் டொக்டரின் பலகை. நாலு வருடமாக அதைக் கடந்து போகிறேன். உள்ளே போனேன். ஒரு சீனப் பெண். முன்பின் தெரியாதவள். கிரவுன் ஆயிரம் டொலர், இரண்டு முறை வரவேண்டும்.

நாளைக்கே வருகிறேன் என்றேன். இவரைக் கேட்கவில்லை.

மார்ச் 28, புதன்

கிரவுன் போட்டாயிற்று. கார்ட்டில் கட்டினேன். நான் கேட்காமலே றிசீட்டை நீட்டினாள். தேதி, பெயர், நம்பர். ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசித்தேன். "ஏதும் பிழையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கண் கலங்கிவிட்டது, சனியன்.

மார்ச் 29

றிசீட்டை மார்கரெட்டின் மேசையில் வைத்தேன். ஒதுக்கிய காசு இதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது; ஆயிரமும் அடுத்த கிழமை வருமாம்.

இவர் கார்ட் பில்லைப் பார்த்துவிட்டார். "முழுக் காசையும் குடுத்து ஏமாந்திருக்கிறாய்." பில்லை மேசையில் எறிந்தார். எறியட்டும்.

ஏப்ரல் 22, ஞாயிறு

காலையில் புட்டுச் சாப்பிடும்போது இவருடைய கடைவாய்ப் பல்லில் அடைத்தது கழன்று விழுந்தது. வாசுதேவனுக்கு போன் எடுத்தார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"தான் அடைச்ச பல் அதில்லையாம். திரும்பவும் காசு வேணுமாம்."

"றிசீட்டைக் காட்டுங்கோவன்" என்றேன்.

கடைவாயைத் தடவினார். பிறகு, மெல்ல: "உன்ர அந்த டொக்டர்ட நம்பர் என்ன?"

ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகவே சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டிருந்தது அவர்தான்.