பொழுதுபோக்கு: வாய்ப்பாட்டு

இன்று காலை ஆபீஸில் ஆள் எடுக்க உட்கார்ந்தபோது மேசைக்கு வந்த ஒரு பயோடேட்டாவைப் படித்துக்கொண்டே வந்தவள், கடைசி வரியைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். 'பொழுதுபோக்கு: வாய்ப்பாட்டு' என்று இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் மிரண்டுபோனாள். பி.காம். முடித்திருக்கிறாள், இது ஏழாவது இன்டர்வியூவாம். அந்த ஒரு வரியில் நீ வந்து என் முன்னால் உட்கார்ந்துவிட்டாய் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. பலமுறை உனக்கு எழுத உட்கார்ந்து, அழுகை வந்து, எழுந்து போயிருக்கிறேன். இன்று சிரிப்பு வந்ததால் எழுதுகிறேன். எப்படியும் அழுமூஞ்சிகள் உனக்கு ஆகாது.

நாம் பரீட்சை முடித்த அந்த வருடத்தை நினைத்துப் பார். நீ கரமனை அக்ரஹாரத்துப் பெண். நான் ஊரை விட்டு மலையாள மண்ணில் பிழைக்க வந்த குடும்பம், சாலைக் கடைவீதிக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகை வீடு. அப்பா அங்கே ஒரு ஹோட்டலில் புரோட்டா மாஸ்டர். "ஏட்டி, ஓணம் வரைக்கும் பாரு. வேலை அமைஞ்சா இங்கன இருப்போம். இல்லன்னா ஊரப் பாத்துப் போயிருவோம். அத்தை மவனும் எத்தன நாளு காத்துக் கெடப்பான்?" என்று சொல்லிவிட்டார். அத்தை மகன் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு வாழ்க்கைப்பட நான் டெபிட்டும் கிரெடிட்டும் படிக்கவில்லை. ஓணத்துக்கு ஏழு வாரம் இருந்தது.

உனக்கு அவசரமே கிடையாது. ஆனாலும் என்னைவிட வேகமாக நீதான் அலைந்தாய். மெயிலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம் என்றால் கேட்கமாட்டாய். "அதையெல்லாம் அவா திறந்துகூடப் பாக்கமாட்டா. நேரே போய் நிப்போம், கேட்டியோ. இப்போ ரிட்டர்ன் போடற சீசன். ஆடிட்டர் ஆபீஸ்லே எல்லாரும் தலையைப் பிச்சுண்டிருப்பா. ஆள் வேணும்னு அவாளுக்கே இப்பத்தான் தோணும்" என்பாய். நீ சொன்னது சரிதான். மாடிப்படி ஏறிப் போய் நின்ற இடங்களில் பாதிப் பேர் தண்ணீராவது கொடுத்து விசாரித்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸிலேயே நோட்டை எடுத்துவிடுவாய். நமக்குப் பதில் வராத கேள்விகளை மட்டும் அதில் எழுத வேண்டும். "தெரிஞ்சதை எழுதி என்ன பிரயோஜனம்?" மறுநாள் லைப்ரரியில் அந்தக் கேள்விகளுக்குத்தான் முதல் வேலை. அந்த நோட்டு இப்போது என் மேசை டிராயரில் இருக்கிறது, வாழைக்காய் வறுவல் எண்ணெய்க் கறையோடு. முதல் பக்கத்தில் உன் கோழிக் கிறுக்கலில், 'தெரியாதுன்னு சொல்லலாம். எங்கே தேடுவேன்னு சேத்துச் சொல்லணும்' என்று இருக்கிறது.

நமக்குள் வந்த பெரிய சண்டை பயோடேட்டாவைப் பற்றித்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அப்பாவின் ஹோட்டலுக்கு நான்தான் தினசரிக் கொள்முதல் எழுதிவந்தேன். காய்கறி, எண்ணெய், பால் என்று வருகிற பில்லை எல்லாம் நோட்டோடு ஒத்துப்பார்ப்பது என் வேலை. அதை எழுது என்றாய் நீ.

"புரோட்டாக் கடையில கணக்கு எழுதினேன்னு ஆடிட்டர்ட்ட போயிச் சொல்லவா? மானம் போயிரும்."

"ஓ, பின்னே! அது வேலை இல்லாம விளையாட்டாடீ?"

நான் மசியவில்லை. கடைசியில் உன் பயோடேட்டாவை வாங்கிக்கொண்டு டிடிபி கடைக்குப் போனேன். பெயர், முகவரி, மார்க் மூன்றையும் மாற்றினேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. கடைசியில் இருந்த உன் வாய்ப்பாட்டு வரியை நான் பார்க்கவே இல்லை.

வழுதக்காட்டில் அந்த ஆடிட்டர் ஆபீஸ். இருந்தது ஒரே இடம், கூப்பிட்டது நம் இருவரையும். ஓணத்துக்கு அப்போது பத்து நாள்கூட இல்லை. நீ முதலில் உள்ளே போய், சிரித்த முகமாக வெளியே வந்தாய். அடுத்து நான். ஆடிட்டர் மேடம் இரண்டு பயோடேட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பாடுமல்லே? கொள்ளாமல்லோ. எங்கில் ரெண்டு வரி பாடிக்கே."

இரண்டு பேருமே பாடுவீர்களா, நன்றாயிருக்கிறதே, இரண்டு வரி பாடு என்கிறார். ஏதாவது சினிமாப் பாட்டை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். வரவில்லை. "மேடம், அது என்றெயல்லா. கூட்டுகாரியுடெ பயோடேட்டா காப்பி அடிச்சதா" என்று, தோழியுடையதைப் பார்த்து அடித்தது என்கிற உண்மையை எனக்குத் தெரிந்த மலையாளத்தில் உளறிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ இதில் நின்றெதாயிட்டு எந்தா உள்ளது?"

உன்னுடையது என்று இதில் என்னதான் இருக்கிறது? பெயரும் மார்க்கும் என்றேன். அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அத்தை மகனுடைய முகம் நினைவுக்கு வந்துவிட்டது. போகிற மானம் போய்விட்டது, இனி என்ன என்று ஹோட்டல் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு மாதம் பால்காரருடைய பில்லில் எல்லா நாளும் இருந்தது. அந்த மாதம் இரண்டு ஹர்த்தால். கடையே திறக்காத நாளில் பால் எப்படி வந்தது என்று கேட்டேன். மறுநாள் பால்காரர் முணுமுணுத்துக்கொண்டே பில்லைத் திருத்திக் கொடுத்தார். இதைச் சொல்லும்போது மேடம் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஹோட்டலைப் பற்றித்தான் பேச்சு. முடிவில், "திங்களாழ்ச்ச வா" என்று வேலைக்கு வரச் சொன்னார். இதை ஏன் பயோடேட்டாவில் எழுதவில்லை என்றும் கேட்டார்.

வெளியே படிக்கட்டில் நீ உட்கார்ந்திருந்தாய். வேலை கிடைத்தது என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இருந்த ஒரே இடத்தை உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன் அல்லவா?

"போடி அசடு! ஓணத்துக்குள்ளே கல்யாணம் பண்ணிவைக்க எங்காத்துலே யாரும் காத்துண்டிருக்கலே. நேக்கு வேறே கிடைக்கும்" என்றாய். பிறகு மெதுவாக, "கார்த்தாலேயே பஸ்ஸுலே பாத்துட்டேன், உன் பயோடேட்டாவிலேயும் அந்தப் பாட்டு வரி இருந்தது" என்றாய்.

"பாத்துட்டும் சொல்லலியா?"

"சொன்னா நீ இறங்கி டிடிபி கடைக்கு ஓடியிருப்பே. இன்டர்வியூ போயிருக்கும்."

பைலால் உன்னை இரண்டு அடி அடித்தேன். நீ சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் வந்து எட்டிப்பார்த்தார். சொன்னபடியே இரண்டு மாதத்தில் என்னைவிட நல்ல சம்பளத்தில் போய் உட்கார்ந்தாய்.

என் முதல் சம்பளத்தில் கல்லாறு போனோம், பொன்முடி பஸ்ஸில். வித்துராவில் இறங்கிப் பழம்பொரி பஜ்ஜி வாங்கினாய், பஸ் போய்விடும் என்று நான் கத்தினேன். ஆற்றுப் பாறையில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு திடீரென்று, "தப்பா எழுதின என்ட்ரியை அழிக்கப்படாது. அதைச் சரிபண்ண வேறே என்ட்ரி போடணும். உன் பயோடேட்டாவிலே பொய் இருக்கப்படாது. பாடு" என்றாய். சரிகமபதநி. நான் வாயைத் திறந்ததும் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த குடும்பம் சற்றுத் தள்ளிப் போனது. அப்புறம் எத்தனை மாதம், கரமனையிலிருந்து கிழக்கேகோட்டை வரை, பஸ்ஸின் பின் சீட்டில் சரளி வரிசை! கண்டக்டர்கூட என் தப்பைக் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்திலும் என்னைப் பாடச் சொன்னாய். 'சுருதி விலகறது' என்று கையை மட்டும் ஆட்டினாய். உன்னைப் போல ஒருத்தி இனி எனக்குக் கிடைக்கமாட்டாள்.

இன்று அந்தப் பெண்ணிடம், "ரெண்டு வரி பாடும்மா" என்றேன். அவள் முகம் வெளுத்தது. "மேடம்... அது கூட்டுக்காரி பயோடேட்டா. மாத்த விட்டுட்டேன்." கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"அழாத. நான் பாடுதேன், கேளு" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் என்றும் பார்க்காமல் ஆரம்பித்தேன். பக்கத்து அறையிலிருந்து நான்கு பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சுருதி எங்கேயோ, நான் எங்கேயோ. அந்தப் பெண் அழுகையை மறந்து சிரித்தாள். அப்போது கேட்டேன், இதில் வெட்கப்பட்டு அவள் எழுதாமல் விட்டது என்ன என்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அப்பா கட்டட வேலையில மேஸ்திரி. ஆளுங்க ஹாஜர், கம்பி, சிமென்ட் வரவு எல்லாம் பிளஸ் டூவிலேர்ந்து நான்தான் எழுதுறேன்."

பேனாவை நீட்டினேன். மேசை ஓரத்தில் வைத்து, குனிந்து, பொறுமையாக எழுதினாள். எழுதி முடித்துவிட்டுக் கடைசி வரியில் பேனாவை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"இந்தப் பாட்டு வரிய அடிச்சிரட்டுமா மேடம்?"

"வேண்டாம், இருக்கட்டும். திங்கக்கெழம வேலைக்கு வா. நான் சொல்லித்தாரேன்."