மஞ்சள் கவுன்

கார்க், அயர்லாந்து
7 ஜனவரி 2024

அன்புள்ள யசோதா அண்ணிக்கு,

மமதா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோலார் தங்கவயலில் உங்கள் மகன் கிரணும் மருமகளும் நலம்தானே?

போன் இருக்கும்போது என்ன கடுதாசி என்று நினைப்பீர்கள். போன் என்றால் உங்கள் தம்பி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார். 'சாப்ட்டீங்களா, அங்க மழையா' என்பதைத் தாண்டி நாம் எதுவும் பேசுவதில்லை. அவர் முன்னால் நீங்கள் ஒரு மாதிரி, அவர் இல்லாதபோது ஒரு மாதிரி. நானும் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பெண் குழந்தை தத்தெடுக்கப் பதிவு செய்து மூன்று வருடம் ஓடிவிட்டது. இங்கே வேலைக்கு வந்த பிறகு எல்லாப் பேப்பரையும் மறுபடி கொடுத்தோம். இந்த வருடம் நிச்சயம் என்கிறார்கள். குழந்தை கைக்கு வந்ததும் முதலில் நம் ஒக்கலிபுரம் வீட்டுக்குத்தான். பாஸ்போர்ட் வரும்வரை அங்கேதான் இருப்போம். அதனால் வீட்டையும் வீட்டு மனிதர்களையும் பார்க்க ஏஜென்சியிலிருந்து ஒரு அம்மா வருவார். நல்லவிதமாகப் பேசுங்கள். இதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

என்னோடு வார்டில் வேலை செய்யும் நோயல் லீவில் பெங்களூர் சிவாஜிநகர் வருகிறார். அவரிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன். எல்லாம் குழந்தைத் துணி, இரண்டு மூன்று வயது அளவு. சம்பளம் வரும்போதெல்லாம் ஒன்று வாங்கினேன். அதில் மஞ்சள் கவுன் ஒன்று, நெஞ்சில் வாத்துப் படம். குழந்தை நம் வீட்டுக்கு வரும் அன்று அதைத்தான் போடப் போகிறேன். கவரைக்கூடப் பிரிக்காமல் சின்ன ரூம் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். பதிவு செய்த அன்று, 'யாரு பெத்த புள்ளையோ' என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். அதற்குப் பிறகு இன்றுவரை குழந்தையைப் பற்றி நீங்களாகக் கேட்டதில்லை. மறக்கத்தான் பார்க்கிறேன், முடியவில்லை.

அன்புடன்,
மமதா


ஒக்கலிபுரம், பெங்களூரு
1 பிப்ரவரி 2024

மமதாவுக்கு யசோதாவின் ஆசீர்வாதம்.

பெட்டி வந்தது. நோயல் நல்ல பிள்ளை. காபி கொடுத்தால் நின்றுகொண்டே குடிக்கிறான், அந்த ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது.

துணியெல்லாம் பார்த்தேன். விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு அனுப்பினாய், நல்ல காரியம் செய்தாய். பார்த்திருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்காது. மஞ்சள் கவுன் அழகுதான், ஆனால் கழுத்துப் பட்டி முரடு. எங்கள் கார்மெண்ட்ஸில் இப்படித் தைத்துக் கொடுத்தால் சூப்பர்வைசர் முகத்திலேயே விட்டெறிவான்.

பீரோவில் வைத்துப் பூட்டு என்கிறாய். துணி என்ன நகையா? அதை எப்படி வைக்க வேண்டுமோ அப்படி வைத்துக்கொள்கிறேன். நீ உன் வேலையைப் பார்.

மாடியில் குடியிருக்கிற சோனியாவின் மகள் நாள் முழுக்கப் படிக்கட்டில் குதிக்கிறாள். ரயில் சத்தம் தேவலை. இரண்டரை வயதுதான், ஒரு சளி காய்ச்சல் என்று படுத்ததில்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள்.

ஒரு வார்த்தையை மூன்று வருடமாக மனசில் வைத்திருக்கிறாய். நானும் சிலது வைத்திருக்கிறேன். கடுதாசி போட்டுச் சொல்கிற பழக்கம் எனக்கில்லை.

நோயலிடம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்திருக்கிறேன். தம்பிக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது, பார்த்துப் போடு.

யசோதா


கார்க்
18 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஊறுகாய் வந்தது. கூடவே ஒரு செய்தியும் வந்தது.

நோயலுக்குச் சூதுவாது தெரியாது. புறப்படும் முன் உங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது பார்த்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "சிஸ்டர், நீங்க வாங்கின மாதிரியே வாத்து கவுன் போட்டுக்கிட்டு உங்க வீட்டுப் படியில ஒரு பாப்பா உக்காந்திருந்துச்சு. பெங்களூர்லயும் அது கெடைக்குது போல." நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். பிறகு ட்யூட்டி முடியும்வரை என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. அந்தக் கவுன் பெங்களூரில் கிடைக்காது அண்ணி. இந்த ஊரில் ஒரு சின்னக் கடையில் வாங்கியது.

இன்னொன்று. ஏஜென்சி அம்மா ஜனவரியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டுப் போனாராமே? நீங்கள் பிப்ரவரி ஒன்றாம் தேதி எழுதிய கடிதத்தில் ரயில் சத்தம் இருக்கிறது, ஊறுகாய் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. போன மாதக் கடைசியில் ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டு, 'வீட்டில் எல்லாருக்கும் சம்மதம்தானா?' என்று கேட்டார்கள். மூன்று வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அதிலிருந்து எங்கள் ஃபைல் நகரவே இல்லை. உங்கள் தம்பியிடம் சொன்னேன். "அக்கா ஏதாவது சொல்லியிருப்பாங்க, விடு," என்றார். சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

என் பெண் இன்னும் வரவே இல்லை. அதற்குள் அவள் துணியை இன்னொரு குழந்தைக்குக் கொடுத்தாயிற்று. அவள் வர மாட்டாள் என்று முடிவு செய்துவிட்டீர்களா? இல்லை, வராமல் இருக்க ஏதாவது செய்தீர்களா?

மமதா


ஒக்கலிபுரம்
10 மார்ச் 2024

மமதாவுக்கு,

திருடி என்று மட்டும்தான் எழுதவில்லை. அதையும் எழுதியிருந்தால் முழுசாக இருந்திருக்கும்.

ஆமாம், சோனியா மகளுக்கு நான்தான் அதைப் போட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, நேராகத் தீர்ப்பே எழுதிவிட்டாய். அப்புறம் நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

ஏஜென்சி அம்மா வந்தாள். உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள். 'மொதல்ல எனக்கு இஷ்டம் இல்லம்மா' என்று சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன். பொய் சொல்லியா ஒரு குழந்தையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவது? அதற்குமேல் நாங்கள் பேசியது எங்களோடு. இதையெல்லாம் உனக்கு உடனே எழுதி அனுப்ப நான் என்ன உன் வார்டில் வேலை செய்கிறேனா?

நானும் சிலது வைத்திருக்கிறேன் என்றேனே, சொல்கிறேன் கேள். நீங்கள் விமானம் ஏறும்போது உன் மாமியார் படுக்கையில் இருந்தாள். ஊரார் அம்மாவைக் கவனிக்க நர்ஸாக நீ போனாய், என் அம்மாவை நான் கவனித்தேன். ஒரு நாள் அதைச் சொல்லிக் காட்டியிருப்பேனா? தம்பி பிழைக்கட்டும் என்றுதான் இருந்தேன். அப்படிப்பட்டவள் தம்பி வீட்டில் விளக்கு எரியக் கூடாது என்று நினைப்பாளா? நீ நினைக்கிறாய். நினைத்துக்கொள்.

யசோதா


கார்க்
2 ஜூன் 2024

அண்ணிக்கு,

இந்தக் கடிதம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்கள் தம்பி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை அமைந்திருக்கிறது. மைசூரு பக்கத்தில் ஒரு இல்லத்தில் இருக்கிறாள். பெயர் ரக்ஷா, இரண்டு வயது முடிந்துவிட்டது. போட்டோவில் எங்களைப் பார்த்து முறைக்கிறாள். அவளைப் பார்த்ததும் நான் வாய்விட்டு அழுதேன், உங்கள் தம்பி கேமராவே கண்டிராதவர் மாதிரி அந்தப் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். செப்டம்பரில் வந்து கூட்டிக்கொள்வோம்.

ஒக்கலிபுரம் வீட்டுக்கு வரவில்லை. வைட்ஃபீல்டில் ஒரு ஃபிளாட் வாடகைக்குப் பேசியிருக்கிறோம், ஏஜென்சியிலும் சொல்லிவிட்டோம். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. அம்மாவை நீங்கள் பார்த்துக்கொண்டதை நான் மறக்கவில்லை, அந்தக் கடன் என் தலையில்தான் இருக்கிறது. ஆனால் இஷ்டமில்லை என்று வந்தவரிடம் சொன்ன வாய், நாளைக்கு என் பெண்ணைக் கொஞ்சினால் அது நிஜமா என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்படி ஒரு வீட்டில் என்னால் அவளைப் படுக்கவைக்க முடியாது.

சின்ன ரூம் சாவியையும் பெட்டியில் மிச்சம் இருப்பதையும் சோனியாவிடம் கொடுத்து வையுங்கள். அந்தக் கவுன் வேண்டாம். போட்டவளே போட்டுக்கொள்ளட்டும்.

மமதா


ஒக்கலிபுரம்
1 ஜூலை 2024

மமதாவுக்கு,

ரக்ஷா. நல்ல பெயர், மாற்றிவிடாதே.

சாவி கேட்டாய். ஒரு ரூம் சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மிச்ச வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது. கொத்தோடு சோனியாவிடம் கொடுத்துவிட்டேன். கார்மெண்ட்ஸிலும் கணக்கு முடித்தாயிற்று. நாளை கிரண் வீட்டுக்குப் போகிறேன். இனி எனக்கு அங்கேதான்.

துணியெல்லாம் பெட்டியில் இருக்கிறது. கவுனும் இருக்கிறது. வேண்டாம் என்று நீ எழுதினாலும் வைத்திருக்கிறேன். நீ கேட்காததை இப்போது நானே சொல்லித் தொலைக்கிறேன், மனசில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போக முடியவில்லை.

எங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் முதலில் புதுத்துணி போட மாட்டோம். நோய்நொடி இல்லாமல் ஓடியாடுகிற ஒரு குழந்தை போட்டுக் கழற்றிய பழசுதான் முதலில் உடம்பில் பட வேண்டும். அந்தக் குழந்தையின் ஆயுசும் தெம்பும் இதற்கு ஒட்டும் என்பார்கள். கிரணுக்கு அப்பாதுரை மாமா மகனுடைய சட்டை. உன் புருஷனுக்கு நான் போட்ட பாவாடைச் சட்டை. அதைச் சொன்னால் இப்போதும் அவனுக்குக் கோபம் வரும், வேண்டுமென்றால் சொல்லிப் பார்.

உன் பெண்ணுக்குப் பழசு எங்கே இருக்கிறது? நீ அனுப்பியது அத்தனையும் புதுசு. வந்த அன்று அந்தக் கவுனைத்தான் போடுவேன் என்று வேறு எழுதியிருந்தாய். அதனால் ஒரு மாதம் சோனியா மகளுக்குப் போட்டுப் போட்டுத் துவைத்து அதைப் பழசாக்கினேன். வந்துபோகிற குழந்தைக்கு யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். வீட்டில் பிறந்த குழந்தைக்குத்தான் செய்வது.

நம்பினால் நம்பு. குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்.

யசோதா


வைட்ஃபீல்ட், பெங்களூரு
16 செப்டம்பர் 2024

அன்புள்ள யசோதா அண்ணிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். கிரணிடம் கேட்டால் "அம்மா தூங்குறாங்க" என்கிறான். காலை பத்து மணிக்கா? அதனால் மறுபடியும் கடுதாசி.

ரக்ஷா வந்துவிட்டாள். பக்கத்தில்தான் தூங்குகிறாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தை நான் நம்பவில்லை. நன்றாகத்தான் சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன். உங்கள் தம்பியைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், நான் அப்ப கைக்குழந்தை," என்கிறார். வந்த அன்று அவளுக்கு இங்கே மாலில் வாங்கிய புது ஃபிராக்கைப் போட்டேன். கழுத்தைச் சொறிந்து சொறிந்து, வீடே இடியும்படி அழுதாள். கழற்றிவிட்டு ஜட்டியோடு விட்டோம்.

மறுநாள் பெட்டியை எடுக்க ஒக்கலிபுரம் போனேன். சோனியா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள். "ஏன்க்கா, குடுத்தத திருப்பிக் கேக்கறது எந்த ஊரு நியாயம்? டெய்லி போட்டு வுடுன்னாங்க, சாயங்காலமானா கழட்டிக் குடு, தொவைக்கணும்ன்னாங்க. ஒரு மாசம் இதே ரோதனை. அப்புறம் ஒரு நாள் சும்மா வாங்கி உள்ள வெச்சுக்கிட்டாங்க. எம் பொண்ணு ரெண்டு நாள் அழுதா. கேட்டா, 'இது எங்க வூட்டுப் புள்ளைக்கு, பழசாவட்டும்னுதான் குடுத்தேன்'ன்றாங்க. நான் நம்பல, சரியான கஞ்சம்னு நெனச்சிக்கினேன்."

அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன் அண்ணி. நீங்கள் என் துணியை அவளுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று நான் சந்தேகப்பட்டேன், கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டீர்கள் என்று அவள் சந்தேகப்பட்டாள். நடுவில் நீங்கள் தினமும் துவைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

ஏஜென்சி அம்மாவையும் பார்த்தேன். எங்கள் ஃபைல் நின்றது உங்களால் இல்லையாம். உங்கள் தம்பியின் போலீஸ் சர்ட்டிபிகேட் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கச் சொல்லி அவருக்கு இரண்டு தடவை மெயில் போயிருக்கிறது. மறந்துவிட்டார். நான் கேட்டபோது 'அக்கா ஏதாவது சொல்லியிருப்பாங்க' என்று உங்கள் மேல் தள்ளிவிட்டதும் அதனால்தான். இரண்டு நாளாக அவரோடு நான் பேசவில்லை. நீங்கள் அந்த அம்மாவிடம் சொன்னதின் மீதியையும் கேட்டேன். "மொதல்ல இஷ்டம் இல்லம்மா, இப்ப படுத்தா அது என்ன துன்னுதோ, யாரு ஊட்டறாங்களோன்னுதான் இருக்குது," என்றீர்களாம். மீதியை ஏன் எனக்கு எழுதவில்லை? நான் கேட்கவில்லை, அதனால்தான். தப்பு என்னுடையது.

இப்போது அவள் மஞ்சள் கவுனில்தான் தூங்குகிறாள். கழுத்துப் பட்டியைப் பிரித்து உள்ளே மல்துணி வைத்துத் தைத்திருக்கிறீர்கள். நேற்றுதான் கவனித்தேன்.

அவளுக்குக் கன்னடம்தான் வருகிறது. கதவு தட்டினால் முதலில் ஓடிப்போய் நின்று, 'யாரு?' என்கிறாள், கன்னடத்திலும் அதே சொல்தான். வாட்ச்மேன், கேஸ்காரர், பக்கத்து ஃபிளாட் அம்மா, எல்லாரையும் 'யாரு? யாரு?' முதல் நாள் என்னையும் கேட்டாள். 'அம்மா' என்றேன். நம்பாமல் முறைத்தாள். சந்தேகம் அப்படியே என்னுடையது, என் பெண்தான்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு ஒக்கலிபுரத்துக்கு மாறப் போகிறோம். சாவிக்கொத்து என் கைப்பையில் கனக்கிறது. நீங்கள் இல்லாமல் அந்த வீட்டுக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு நுழைய எனக்கு முகமில்லை. வந்துவிடுங்கள்.

உங்கள்
மமதா


கோலார் தங்கவயல்
22 செப்டம்பர் 2024

மமதாவுக்கு,

கடிதம் வந்தது. கிரணைப் படிக்கச் சொல்லவில்லை, நானே படித்தேன்.

தம்பியோடு பேசு. அவன் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், ஜாடியை உடைத்துவிட்டுப் பூனை என்பான். வந்து நான் பார்த்துக்கொள்கிறேன். சோனியா மகளுக்கு ஒரு புதுக் கவுன் வாங்கி வை, மஞ்சளாகவே இருக்கட்டும். குழந்தை பாவம்.

ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். ராகி முளைகட்டிக் காயவைத்திருக்கிறேன், மாவாக்கி எடுத்து வருவேன். நான் வரும்வரை காத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டாம். நீங்கள் உள்ளே போய் விளக்கேற்றுங்கள். சாவி உன்னிடம் இருக்கிறது, நான் வெளியில் நின்று கதவைத் தட்டுகிறேன்.

அவள் ஓடி வந்து 'யாரு?' என்று கேட்பாள். நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒரு தடவை திறந்து பட்டது போதும். நான் யாரென்று நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

யசோதா