அம்மாவின் பட்டத்துக்கு உறை போட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? விடுதியில் நான் நலமே.

வெளிநாட்டில் நீங்கள் ஆங்கிலம் கற்பிக்க, வகுப்பறைப் பயிற்சி உள்ள சான்றிதழ்ப் படிப்பையே உங்களுக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டேன். உங்கள் பட்டச் சான்றிதழைத்தான் கெடுத்துவிட்டேன். கசங்கக் கூடாதென்று லேமினேட் செய்து, வெளிநாட்டு வேலைக்கு வேண்டிய அரசு முத்திரை வாங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். "பிளாஸ்டிக் மேல எப்படிம்மா சீல் குத்துறது? வேற வாங்கிட்டு வா," என்றார் குமாஸ்தா. நல்லதுக்குத்தான் செய்தேன். ஆனால் அவர் திருப்பிக் கொடுத்தபோது, நீங்கள் போவது தள்ளிப்போகுமென்று எனக்குள் சந்தோஷம் எட்டிப்பார்த்தது. அதை நினைத்தால் உங்கள் முகத்தில் விழிக்கவே கூசுகிறது.

புதுச் சான்றிதழ் கேட்கும் விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவேண்டும். தபாலிலும் அனுப்பலாமாம். நேரில் வந்தால், திட்டுவதையும் அப்போதே திட்டிவிடலாம். வரும்போது என் பழைய போர்வையைக் கொண்டுவாருங்கள்.

படிப்பு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்