நாலு வால் கிளி

1986 ஜூலை 7, திங்கள்
அடுத்த வாரம் சனிக்கிழமை பாலர் பள்ளியில் பெற்றோர் தினம். சுவர் முழுக்கப் பஞ்சவர்ணக்கிளிகள் இருக்க வேண்டும் என்று இராஜம்மா டீச்சர் உத்தரவு போட்டுவிட்டார். பள்ளியை நடத்துவது அவர், மாரடிப்பது நான். ஐந்து வயதுப் பிள்ளைகள் கையில் கத்தரிக்கோல். முருகா!

காலையில் என் வீட்டுக்காரர் செய்தித்தாளைப் பின்பக்கத்திலிருந்து திருப்பினார். லாட்டரி முடிவும் அங்கேதான் வரும். பந்து விளையாட்டுச் செய்தியாக இருக்கும். இருக்கட்டும்.

ஜூலை 9
ஏன் இப்படிப் பதறுகிறேன்? தைப்பூசத்தன்று பத்துமலையில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தவர்தானே. "இனிமே லாட்டரி நம்பர் எடுக்க மாட்டேன்." என் தாலி அடகுக்கடைக்குப் போய் வந்த பிறகு செய்த சத்தியம். இன்னொரு தடவை என்றால் மகளைத் தூக்கிக்கொண்டு காஜாங்கில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னால் சொன்னதுதான்.

சனிக்கிழமைதோறும் மகள் யசோதாவை லோரியில் ஏற்றிக்கொண்டு போகிறாரே, எங்கே? "சும்மா ஒரு ரவுண்டு லா" என்கிறார்.

ஜூலை 10
உடம்பெல்லாம் கம் பசை. மணிலா அட்டையில் உடல், கிரேப் காகிதத்தில் வால். ஈரக்கையில் சாயம் இறங்கி, பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ளங்கை சிவப்பும் பச்சையும். ஒருவன் கிளியின் அலகைத் தன் மூக்கில் ஒட்டிக்கொண்டு எடுக்கவே விடவில்லை. "இது வால். மலாய்ல எக்கோர்" என்று சொல்லிக் கொடுத்தேன். நாள் முழுக்க எக்கோர், எக்கோர் என்று ஒரே கூச்சல்.

ஜூலை 14, திங்கள்
யசோதாவின் கிளிக்கு நாலு வால்.

ஏன் என்று கேட்டேன். வகுப்பில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அவள் ஒரு நாளும் மீறியதில்லை.

"நாலு எக்கோர், டீச்சர். அப்பா சனிக்கிழமை கடையில நாலு எக்கோர் வாங்குவாங்க. அடிச்சா நாம பெரிய வீட்டுக்குப் போலாமாம்."

நாலு நம்பர் லாட்டரிக்கு இந்த ஊரில் அதுதானே பேர். குழந்தைக்கு அது நாலு வால்.

"அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னாங்க. நீங்க டீச்சர்தானே?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூலை 15
பாவி மனுஷா! சாமி முன்னால சொன்னியே! பிள்ளையையும் சேர்த்துப் பொய்க்குப் பழக்குறியே!

கேட்டால், யார் சொன்னது என்பார். யசோதா மாட்டிக்கொள்வாள். கேட்காமல் எப்படி இருப்பது? அவள் சட்டைகளைப் பையில் வைத்தேன். எடுத்தேன். மறுபடியும் வைத்தேன்.

ஜூலை 17
மூன்று வாலைப் பிய்த்துவிட்டால் என்ன? — கை வரவில்லை.

ஜூலை 19, சனி
பெற்றோர் தினத்துக்கு அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கிளியைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, உன்னோடதுக்கு மட்டும் நாலு வாலு?"

யசோதா கிளியைக் கையால் மறைத்தாள். பக்கத்தில் நின்ற இராஜம்மா டீச்சர்தான், "என்ன நாகையா, நாலு எக்கோரா? வீட்டுல நம்பர் எடுக்கிறீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் முகம் செத்துப்போயிற்று. நான் ஒரு கிளியின் கண்ணை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "உனக்குத் தெரியுமா?" என்றார்.

"டீச்சருக்குத் தெரியும். பிள்ளையை ஒரு வார்த்தை சொன்னீங்க, பை தயாரா இருக்கு."

ஜூலை 20
பை கட்டிலடியில் இருக்கிறது. அவரும் பார்த்துவிட்டார்.

ஜூலை 27, ஞாயிறு
நேற்று யசோதாவை வழக்கம்போல் லோரியில் கூட்டிப் போனார். நான் தடுக்கவில்லை. திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

இன்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். யசோதா பக்கத்தில் வந்து நின்று, வீட்டில் முதல்முறையாக, "டீச்சர்" என்றாள்.

"நேத்து அப்பா அந்தக் கடைகிட்ட லோரியை நிறுத்துனாங்க. இறங்கவே இல்ல, டீச்சர். ஸ்டீரிங்ல தலையை வச்சுக்கிட்டு அழுதாங்க. அப்புறம் எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தாங்க. அம்மாகிட்ட சொல்லக்கூடாதாம்."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

பையைத் திறந்து அவள் சட்டைகளை எடுத்தேன். கசங்கியிருந்தன. அவற்றையும் மடித்து அலமாரியில் வைத்தேன்.