முறை வராத செய்தி

ஹல்துமுல்லை, மேற்பிரிவு
12.12.1981

புஹாரி,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. புதன்கிழமை காலையில் எங்கள் லயத்து வீடுகளின் மேல் மண் சரிந்தது. அக்கா புருஷன் இராமையாவை உயிரோடுதான் வெளியே எடுத்தோம். லாரி கேட்க, நான் வேலை பார்க்கும் வயர்லெஸ் அறைக்கு ஓடினேன். ஐந்து தோட்டத்துக்கும் ஒரே அலைவரிசை. யார் முதலில் பேசுவது என்று பதுளையில் உட்கார்ந்து நீ எழுதிய விதி: அதிகச் செய்தி தேங்கியவனுக்கு முதல் இடம், அவன் பேசும்போது பக்கத்துத் தோட்டம் வாய் திறக்கக் கூடாது. தொழிற்சாலையில் இருபத்தொரு செய்தி, எல்லாம் தேயிலைக் கொழுந்து நிறைக் கணக்கு. அடுத்த தோட்டத்தில் ஒன்பது. என்னிடம் ஒன்று. ஒரு மணி நேரம் நின்றேன். லாரி வந்தபோது அவர் இல்லை.

மாரிசாமி

பதுளை
15.12.1981

அன்புள்ள மாரி,

வாப்பாவிடம் சொன்னேன், கண் கலங்கிவிட்டார். ஆனால் கோபத்தில் விதியைப் பழிக்காதே. மிகச் சிறந்த வரிசையைக் கண்டுபிடிக்க மணிக்கு மணி கணக்குப் போட ஆளில்லை. அந்த வரிசை அனுப்பக்கூடியதில் பாதிக்குக் குறையாமல் இந்த எளிய விதி அனுப்பும். அதை நிரூபித்திருக்கிறேன். உயிர் போகிற நேரத்தில் குறுக்கே பேச உன்னை யார் தடுத்தது? பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவனிடம் இப்படியா எழுதுவது?

உன் புஹாரி

ஹல்துமுல்லை
18.12.1981

புஹாரி,

குறுக்கே பேசினேன். நாலு தடவை. தொழிற்சாலைக்காரன் குரலும் என் குரலும் மோதி, உன் ஆட்களுக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. வைகாசியில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது குறுக்கே பேசினேன். அதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, உன் கையெழுத்தோடு. இப்போது யார் தடுத்தது என்று கேட்கிறாய். மொத்தம் எத்தனை போனது என்று எண்ணினாய். எது எவ்வளவு நேரம் நின்றது என்று எண்ணினாயா?

மாரிசாமி

பதுளை
21.12.1981

மாரி,

அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தவறு என்னுடையது. ஜனவரியிலிருந்து, காத்திருந்த நேரத்தையும் சேர்த்தே முறை வரும். கால் மணிக்கு ஒரு தடவை எல்லாரும் இரண்டு நிமிடம் பேசாதிருப்பார்கள்; ஆபத்து உள்ளவன் மட்டும் பேசலாம். காரியத்துக்கு வரட்டுமா? அக்காவிடம் நானே சொல்ல வேண்டும்.

புஹாரி

ஹல்துமுல்லை
26.12.1981

புஹாரி,

காரியம் முடிந்த மறுநாள்தான் உன் கடிதம் வந்தது. முன்னமே வந்திருந்தாலும் வர வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன்.

புது விதி நல்ல விதி. அதை நடத்த வேறு ஆள் பார்த்துக்கொள். நான் கொழுந்து மலைக்கே வேலைக்குப் போகிறேன்.

அக்கா தினமும் கேட்கிறாள், "ஏன்டா தம்பி, லாரி வர அவ்வளவு நேரம்?" மழை என்று சொல்லியிருக்கிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை. நம் பழக்கத்துக்காக நான் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

இனி எழுதாதே.

மாரிசாமி