ஜன்னல் வழியே ஓடிய அண்ணன்கள்

அன்புள்ள பெனிசிமானிக்கு,

ஆண்டவர் அருளால் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பிரிஸ்பேனில் குளிர் தொடங்கிவிட்டது.

கார் திருடிப் பிடிபட்ட நம் டோங்கா பையன்களுக்கு நான் நடத்தும் மாலை வகுப்பின் அரசு நிதியை நீட்டிக்கலாமா என்று பார்க்கப் போன மாதம் ஓர் அதிகாரியம்மா வந்தார். பையன்கள் சினிமா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனான கெலெபியின் தங்கை வைமோவானா பலகாரத் தட்டோடு உள்ளே வந்தாள். அங்கிருந்த மற்ற எல்லாருக்கும் அவள் பெரியப்பா, சித்தப்பா வழித் தங்கை. தங்கையோடு உட்கார்ந்து படம் பார்க்கிற வழக்கம் நமக்கு ஏது? அத்தனை பேரும் ஜன்னல் வழியே குதித்துவிட்டார்கள்.

"ஐயோ, தப்பிச்சு ஓடிட்டாங்களே!" என்று பதறினார் அதிகாரி.

வெளியிலிருந்து கெலெபி கத்தினான்: "டீச்சர், அவளைச் சீக்கிரம் அனுப்புங்க! முத்தக் காட்சி வரப்போகுது, மானம் போகுது!"

"கார் திருடுற பசங்க தங்கச்சிக்குப் பயப்படுறாங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"பயமில்லம்மா, மரியாதை. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மத்ததைச் சொல்லித்தர்றேன்" என்றேன்.

நம் கல்யாணத்துக்கு முன் நீங்கள் முதன்முதலாக என்னைப் பார்க்க வந்த அன்று என் அண்ணனும் இப்படித்தான் குதித்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். நினைவிருக்கிறதா?

இன்னும் ஓராண்டுக்கு நிதி கிடைத்துவிட்டதாக நேற்று தகவல் வந்தது. பையன்கள் ஆடித் தீர்த்தார்கள். அதனால் இந்தக் கிறிஸ்துமஸுக்கும் நான் ஊருக்கு வர முடியாது.

சர்ச்சுக்குப் போகும்போது உடைமேல் சுற்றிக் கட்டுவேனே, என் அந்தப் பழைய இடுப்புப் பாயை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். வெயிலில் போட வேண்டாம். நம் வீட்டு வாசனை அதிலேயே இருக்கட்டும். பையன்கள் கதவைத் தட்டுகிறார்கள், நிறுத்துகிறேன்.

உங்கள்
லெசியெலி