வண்டி குந்தவே இல்லை

பிப்ரவரி 3, 2025 – திங்கள்

ஒரு வழியாக முடிவு செய்துவிட்டேன். வில்லியனூரில் மெக்கானிக் வீரப்பனிடம் பிக்கப்பை விட்டு வந்தேன். பின்பக்கம் ஐந்து பட்டை ஸ்பிரிங், அதற்கேற்ற நீளமான ஷாக் அப்சார்பர். மார்ச்சில் நடக்கும் ஆஃப்ரோடு போட்டியில் செம்மண் பள்ளத்தில் இறங்கும்போது நாலு சக்கரமும் மண்ணைப் பிடிக்க வேண்டும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் காலி வண்டி எகிறும்.

"பின்னாடி லோடு ஏத்துவியாம்மா?" என்றார். ஸ்டெப்னியும் கயிறும்தான் என்றேன்.

இந்தப் பைத்தியத்துக்கு வீட்டில் ஆதரவு தம்பி சுரேஷ் மட்டும்தான். "நீ ஓட்டுக்கா, எவன் இன்னா சொல்றான் பாக்கலாம்" என்பான்.

பிப்ரவரி 8 – சனி

வண்டியை சுரேஷே எடுத்து வந்துவிட்டான். நாளைக்கு ஓட்டிப் பார்க்கணும்.

பிப்ரவரி 9 – ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து ஏரிக்கரையில் ஓட்டினேன். அய்யோ! சின்னக் குழிக்கே பின்பக்கம் எகிறி, தலை கூரையில் இடித்தது. குனிந்து பார்த்தால் – எட்டுப் பட்டை. ஷாக்கும் லோடு வண்டிக்குப் போடுகிற தடித்த ஷாக்.

வீரப்பனுக்குப் போன் போட்டேன். "உன் தம்பிதாம்மா மாத்தச் சொன்னாரு. அரை டன் ஏத்தினாலும் வண்டி பின்னாடி எறங்கிக் குந்தக் கூடாதுன்னாரு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

சுரேஷைக் கேட்டால், "மடுகரைக்கு வெதக் கரும்பு ஏத்தணும்க்கா."

கரும்பு ஏத்தினால் வண்டி குந்தத்தான் செய்யும். குந்தினால் இன்னா?

பிப்ரவரி 12 – புதன்

வேலை முடிந்து வந்தேன். வண்டி வாசலில், மேலே புல்லுக்கட்டு. காலி வண்டி மாதிரி மட்டமாக நின்றது. ஆனால் பின் டயர் அடியில் பிதுங்கியிருந்தது. புல்லுக்கு ஏது அவ்வளவு எடை? விலக்கிப் பார்த்தேன். அட்டைப் பெட்டிகள். உள்ளே பிராந்தி பாட்டில்.

"இன்னாடா இது?"

"கத்தாதக்கா. பார்டர் தாண்டி வுட்டா போதும், அந்தப் பக்கம் வெல ஜாஸ்தி. வண்டி குந்தியிருந்தாதான் செக்போஸ்ட்ல சந்தேகப்படுவான்."

"யாருடா ஓட்டப் போறது?"

சுரேஷ் தலையைக் குனிந்துகொண்டான். "நீ ஓட்டுனா நிறுத்த மாட்டாங்கக்கா. பொம்பள, போட்டி வண்டி..."

இத்தனை நாள் ஓட்டுக்கா, ஓட்டுக்கா என்றது இதற்குத்தானா? எப்போதிலிருந்து? முதல் நாளிலிருந்தேவா? கேட்க வாய் வரவில்லை.

"ஏத்தின எடத்துலயே எறக்கு. நானும் வரேன்" என்றேன். நானே ஓட்டிப் போனேன். பார்டருக்கு இந்தப் பக்கம் ஒரு தோப்புதான், தூரமில்லை. ஒவ்வொரு பெட்டியாக அவனே இறக்கினான். அழுதான். எனக்கு அழுகைகூட வரவில்லை.

பிப்ரவரி 13 – வியாழன்

என் தம்பியா?

பிப்ரவரி 15 – சனி

வீரப்பன் எல்லாவற்றையும் கழற்றி, நான் முதலில் கேட்டதையே மாட்டிக்கொடுத்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன்.

பிப்ரவரி 24 – திங்கள்

சுரேஷ் வேறு எவனுடைய வண்டியிலோ பெட்டிகளை ஏற்றிப் போயிருக்கிறான். எல்லை தாண்டியதும் பிடித்துவிட்டார்கள். உள்ளே இருக்கிறான்.

அவன் மனைவி ரோஸி மேரி ஓடி வந்தாள். "அண்ணி, உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"என்னாண்ட ஏன் சொல்லல?"

திருந்திவிட்டான் என்று நினைத்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் போய்விட்டாள்.

மார்ச் 9 – ஞாயிறு

போட்டி. இரண்டு பள்ளத்தில் வண்டி தண்ணீர் மாதிரி இறங்கி ஏறியது. மூன்றாவதில் சேற்றில் சிக்கினேன். இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

திரும்பிப் பார்த்தால் கூட்டத்தில் ரோஸி. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். வீட்டுக்குத் திரும்பும்போது என் வண்டியிலேயே ஏறிக்கொண்டாள். ஊர் நெருங்கியதும் கேட்டாள். "எனக்கும் ஓட்டச் சொல்லித் தர்றியா? ஒரு கம்பெனியில பொம்பள டிரைவர் கேக்கறாங்களாம்."

"நெசமாவே அதுக்குத்தானா?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

அவள் கோபப்படவில்லை. "அதுக்குத்தான் அண்ணி" என்றாள்.

வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கை அவளுக்கு விட்டு, இறங்கி அந்தப் பக்கம் போனேன்.